இடது கைக்கு மட்டும் ஒரு கிரீம்

போன மாதம் காயத்ரி போன் செய்தாள். நான் ஓய்வு பெறுவதற்கு முன் என்னிடம் கடைசியாக வேலை கற்றுக்கொண்ட பெண். சென்னைக்காரி. இப்போது புனேவில் மகர்பட்டா பகுதியில் ஒரு கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருக்கிறாள்.

"சார், இப்ப எந்தக் கடைக்குப் போனாலும் செரமைடு கிரீம்தான். காலேஜ் பொண்ணுங்க எல்லாம் ஸ்கின் பேரியர்னு பேசறாங்க. நீங்க அந்தக் காலத்துலயே செஞ்சு பார்த்தீங்க இல்ல? எங்க டீம் பசங்களுக்காக நாலு பக்கம் எழுதிக் கொடுங்களேன். இன்ஸ்பைரிங்கா இருக்கும்" என்றாள்.

அவள் குரலில் என்னைப் பற்றிய பெருமை இருந்தது. எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அவள் கேட்ட மாதிரி இது உற்சாகம் தரப் போவதில்லை.

நான் கோயம்புத்தூரில் வேதியியல் படித்துவிட்டு, பிம்ப்ரியில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை கிடைத்துப் புனேவுக்கு வந்தவன். முதல் பல வருடங்கள் மாத்திரைகளுக்குச் சர்க்கரைப் பூச்சு போடுவதிலேயே போய்விட்டன. பூச்சு வழவழப்பாக வந்தால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், திட்டுத்திட்டாக வந்தால் கூப்பிட்டு அனுப்புவார்கள். அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை. தொண்ணூறுகளின் நடுவில் தோல் மருந்துப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே தலைமை டாக்டர் லேலே.

லேலே மேடம் திட்டி நான் கேட்டதில்லை. பாராட்டியும் கேட்டதில்லை. நாம் செய்துவைத்த கிரீமை விரல் நுனியில் எடுத்து, முதலில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்ப்பார். பிறகு மேலுதட்டில் தடவிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி நிற்பார். உதட்டுக்குத் தெரிகிற சொரசொரப்பு விரலுக்குத் தெரியாது என்பார். பிடிக்கவில்லையென்றால் அந்த டப்பாவை என் மேசையில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, "புன்ஹா" என்று ஒரு வார்த்தை சொல்வார். மராத்தியில் 'மறுபடியும்' என்று அர்த்தம். சில நாள் மாலையில் பார்த்தால் என் மேசையில் கவிழ்ந்த டப்பாக்கள் வரிசையாக நிற்கும்.

அவருக்கு ஒரே விஷயத்தில்தான் பைத்தியம். சோரியாசிஸ் வந்த தோலிலிருந்து ஏன் இவ்வளவு தண்ணீர் கசிகிறது என்பது.

தோலின் மேல்பரப்பில் செத்த செல்கள் செங்கல் மாதிரி அடுக்கியிருக்கும், அவற்றின் இடுக்கில் சாந்து மாதிரி கொழுப்பு இருக்கும் என்று புத்தகங்களில் போட்டிருக்கும். செரமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் என்று முக்கியமாக மூன்று. உடம்பில் இருக்கிற தண்ணீர் ஆவியாகிப் போகாமல் தடுப்பது இவைதான். சோரியாசிஸில் தோல் அவசரப்படுகிறது. வாரக்கணக்கில் மெதுவாக மேலே வரவேண்டிய செல்கள் சில நாட்களில் வந்து குவிந்துவிடுகின்றன. "சித்தாள் சாந்து குழைப்பதற்குள் கொத்தனார் செங்கல்லை அடுக்கிக்கொண்டே போனால் என்ன ஆகும்?" என்று லேலே மேடம் கேட்பார். "பார்க்கத் தடிமனான சுவராக இருக்கும். மழை பெய்தால் தெரியும்."

ஆனால் உடனேயே சேர்த்துச் சொல்வார்: "இதுதான் நோய்க்குக் காரணம் என்று எழுதிவிடாதே. நோய் உள்ளே இருக்கிறது, ரத்தத்தில் இருக்கிறது. கசிவு அதன் விளைவா, கசிவே நோயைக் கிளறிவிடுகிறதா, இரண்டும் ஒன்றை ஒன்று தூண்டுகிறதா, நமக்குத் தெரியாது. நாம் செய்யக் கூடியது கசிவை அடைப்பது மட்டும்தான்."

முதல் வேலை, நோயாளிகளின் செதிலைச் சேகரிப்பது. ஊரில் உள்ள பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் தோல் பிரிவில் அனுமதி வாங்கியிருந்தோம். உதிர்ந்த செதிலைக் கண்ணாடிக் குப்பியில் வாங்கி வந்து, கரைப்பானில் ஊறவைத்துக் கொழுப்பைப் பிரிப்போம். வெள்ளை மாவு பூசிய கண்ணாடித் தகட்டின் அடியில் அதை ஒரு கோடாக இட்டு, தகட்டைக் கரைப்பானில் நிறுத்துவோம். கரைப்பான் மேலே ஏறும்போது கொழுப்புகள் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். அப்போது கண்ணுக்கு எதுவும் தெரியாது. மருந்து தெளித்துச் சூடான தட்டில் வைத்தால்தான் கருகிப் பழுப்புக் கோடுகளாகத் தெரியவரும். பக்கத்திலேயே ஒப்பிட்டுப் பார்க்க என் முழங்கையிலிருந்து எடுத்த கொழுப்பு. என் பக்கத்தில் செரமைடு கோடுகள் படி படியாக அழுத்தமாக விழும். நோயாளியின் பக்கத்தில் சில கோடுகள் வெளிறிப்போய், மேலே இருக்க வேண்டிய ஒன்று இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியாமல் இருக்கும்.

பார்ப்பது சுலபம். செய்வதுதான் கஷ்டம். செரமைடு எளிதில் எதிலும் கரையாது. கடும் சூட்டில் கரைந்தாலும், ஆறும்போது மணல் மாதிரி பிரிந்துவிடும். மாலையில் வெண்ணெய் மாதிரி இருந்த கிரீம், டிசம்பர் மாதப் புனேக் குளிரில் காலையில் வந்து பார்த்தால் ரவை உப்புமா மாதிரி இருக்கும். லேலே மேடம் உதட்டில் தடவிப் பார்க்கக்கூட மாட்டார். நேராகக் கவிழ்த்துவிடுவார். மூன்று கொழுப்பையும் தனியாக ஒன்றாக உருக்கி, அது தெளிந்த பிறகு மற்றதில் சேர்த்து, கலக்கியின் வேகத்தைக் குறைத்து அவசரமில்லாமல் ஆறவிட்டபோதுதான் சரியாக வந்தது. அன்றைக்கு அவர் டப்பாவைக் கவிழ்க்கவில்லை. மூடியை மூடி வைத்துவிட்டு, "சஹா?" என்றார். டீ குடிக்கலாமா என்று கேட்கிறார். அவர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

சகாயத்தைச் சந்தித்தது அதற்குப் பிறகு.

ஆஸ்பத்திரியில் கிரீமைச் சோதித்துப் பார்க்க நோயாளிகளைச் சேர்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு டப்பா. ஒன்றில் மூன்று கொழுப்பும் சேர்த்த கிரீம், இன்னொன்றில் அவை இல்லாத வெறும் கிரீம். ஒன்று இடது கைக்கு, மற்றது வலது கைக்கு. எதில் எது என்று நோயாளிக்கும் சொல்ல மாட்டார்கள், பார்க்கிற டாக்டருக்கும் சொல்ல மாட்டார்கள். தோலிலிருந்து ஆவியாகிற தண்ணீரை அளக்கும் கருவியை எடுத்துக்கொண்டு நான் போவேன். ஒரு நாள் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஆள் கையை நீட்டாமல் என் பெயர் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க நம்மாளா சார்?" என்றார் தமிழில்.

புனேவிலேயே போபோடிக்காரர். தாத்தா காலத்தில் ஆற்காட்டுப் பக்கமிருந்து கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்த குடும்பம். சகாயம் நகரப் பேருந்தில் கண்டக்டர். இரண்டு உள்ளங்கையிலும் சோரியாசிஸ். தோல் தடித்து, குறுக்கும் நெடுக்குமாக வெடித்து, வெடிப்பில் ரத்தம் கட்டியிருந்தது.

"டிக்கெட் கிழிச்சுக் குடுத்தா வாங்க மாட்றாங்கோ சார். ஒரு மராட்டிப் பொம்பள, சீட்டு மேல வெச்சிட்டுப் போ, நானே எடுத்துக்கறேன்றா. சில்லறைய முந்தானையில வாங்கறா. தொத்தாதும்மா, இது ஒட்டற வியாதி இல்லேன்னு மராத்தியில சொல்றேன், ஹிந்தியில சொல்றேன். ஜன்னலப் பாக்கறாங்கோ" என்றார். "டிப்போல கம்ப்ளெயின்ட் போச்சு. வண்டி கழுவற ஷெட்டுல போட்டுட்டாங்கோ."

வண்டி கழுவும் ஷெட் என்றால் நாள் முழுக்கத் தண்ணீரும் சலவைச் சோடாவும். இடுக்கில் மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சக் கொழுப்பையும் அது கரைத்துக்கொண்டு போய்விடும். கருவியை அவர் கையில் வைத்தபோது முள் எகிறியது. ஈரத்துணியிலிருந்து ஆவி போவது மாதிரி அந்தக் கையிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

அடுத்தடுத்த தடவைகளில் இடது கை மாறத் தொடங்கியது. சிவப்பு போகவில்லை, தடிப்பும் முழுக்கப் போகவில்லை. ஆனால் வெடிப்புகள் மூடின, செதில் குறைந்தது, ரத்தம் நின்றது. முள் இறங்கியது. வலது கை கொஞ்சம் மிருதுவானது, அவ்வளவுதான். சகாயத்துக்கு யாரும் எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"சார், இடது கை டப்பாவ வலது கைக்கும் போட்டுக்கட்டுமா?"

"இப்பக் கூடாதுங்க சகாயம். சோதனை முடியற வரைக்கும் மாத்தக் கூடாது. அதுதான் விதி."

அவர் இரண்டு கையையும் என் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "ரெண்டும் என் கைதான் சார்" என்றார். பிறகு தானே சிரித்துவிட்டு, "சரி, வுடுங்க. நீங்க சொல்றத கேட்டுக்கறேன்" என்றார். கேட்கவும் செய்தார். வலது கைக்கு ஒருநாள்கூட இடது கை டப்பாவைத் தொடவில்லை என்று அவர் மனைவி பிலோமினா பின்னால் என்னிடம் சொன்னாள்.

சோதனை முடிந்ததும் இரண்டு கைக்கும் நல்ல கிரீம் கிடைத்தது. கம்பெனியும் அதை மருந்தாகச் சிறிய அளவில் வெளியிட்டது. வெள்ளை டப்பா, நீல மூடி. ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் எழுதிக் கொடுத்தால் பக்கத்துக் கடையில் கிடைக்கும். டிப்போ மருத்துவக் குழு சகாயத்தின் கையைப் பார்த்து மறுபடி கண்டக்டர் வேலைக்கு அனுப்பியது. ஒரு நாள் பிம்ப்ரி ஸ்டாப்பில் நான் ஏறிய வண்டி அவருடையதாக இருந்தது. கூட்டத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி "சார் ஏறிட்டாரு, வழி வுடுங்க" என்று தமிழிலேயே கத்தினார். ஒருவருக்கும் புரியவில்லை, ஆனாலும் வழி விட்டார்கள். டிக்கெட்டை என் கையில் வைத்து அழுத்தினார். என் வேலை எதற்கு என்று எனக்குப் புரிந்த நாள் அது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நடந்தும், அந்த நாளை மட்டும் என்னால் கசப்பாக நினைக்க முடியவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கம்பெனி கைமாறியது. விற்பனைப் பிரிவுக்கு கன்னா என்று ஒருவர் வந்தார். நல்ல உடை, நல்ல பேச்சு, யாருடைய பெயரையும் மறக்க மாட்டார். எங்கள் கிரீமை உதட்டில் தடவிப் பார்க்காமலேயே, "அற்புதமான பொருள், தவறான ஆட்களுக்கு விற்கிறீர்கள்" என்றார்.

அந்தக் கூட்டம் எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. கன்னா டப்பாவைக் கையில் பிடித்து, அட்டையில் இருந்ததைப் படித்தார்.

"சோரியாசிஸ். இந்தச் சொல் இருக்கிற டப்பாவை ஆரோக்கியமான எந்தப் பெண்ணும் தன் குளியலறையில் வைக்க மாட்டாள். எடுத்துவிடுவோம். அடுத்தது, கொலஸ்ட்ரால். மேடம், இது முகத்துக்குப் போடுவதா, மாரடைப்பு வரவழைப்பதா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

லேலே மேடம் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். "உங்கள் தோலிலேயே கொலஸ்ட்ரால் இருக்கிறது, மிஸ்டர் கன்னா. மூன்றும் சேர்ந்து சரியான அளவில் இருந்தால்தான் அந்த அடுக்கு உருவாகும். ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை மட்டும் போட்டால், பழுதான தோல் ஆறுவது தாமதமாகும். சில சமயம் ஒன்றுமே போடாத தோலைவிட மெதுவாக ஆறும். எங்கள் கருவியிலேயே பார்த்திருக்கிறோம்" என்றார்.

"பழுதான தோல் உள்ளவர்களுக்கு நாம் விற்கப் போவதில்லையே" என்றார் கன்னா.

"அப்படியானால் பெயரை மாற்றுங்கள்."

"பெயரை டாக்டர்கள் நம்புகிறார்கள். அதை ஏன் மாற்ற வேண்டும்?"

நானும் எழுந்து பேசினேன். இப்போது வாங்குகிற நோயாளிகள் அதே மருந்து என்று நினைத்து வாங்குவார்கள் என்று சொன்னேன். கன்னா என்னைப் பார்த்து மிக இனிமையாக, "உங்கள் அக்கறையைக் குறித்துக்கொள்கிறேன்" என்றார்.

கொலஸ்ட்ரால் போனது. கொழுப்பு அமிலங்கள் போயின. செரமைடு, அந்தச் சொல்லை அட்டையில் அச்சடிக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் நின்றது. ரோஜா வாசனை சேர்ந்தது. அதே பெயர், அதே வெள்ளை டப்பா, அதே நீல மூடி. லேலே மேடத்தை ஆவணப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஓய்வுக்கு இருந்த காலத்தை, வேறு யாரோ செய்த மருந்துகளின் காகிதங்களைச் சரிபார்த்துக் கழித்துவிட்டுப் போனார். என்னைப் பற்பசைக்கு அனுப்பினார்கள். புதிய கிரீம் நன்றாக விற்றது. கன்னாவுக்கு விருது கொடுத்தார்கள். நாங்களும் போய்க் கைதட்டினோம்.

அதற்கு அடுத்த கோடையில் பிலோமினா கம்பெனி வாசலில் வந்து நின்றாள். காவலாளி உள்ளே விடவில்லை. வெயிலில் நின்றுகொண்டே என் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

"அவரு ஆஸ்பத்திரில கீறாரு சார். உடம்பு பூரா செவந்துபோச்சு. உங்கள பாக்கணும்ன்றாரு."

நடந்ததை அவள் ஆஸ்பத்திரிக்குப் பேருந்தில் போகும்போது சொன்னாள். ஆஸ்பத்திரிக் கடையில் பழைய கிரீம் வருவது நின்றுவிட்டது. ஆனால் பெரிய கடையில் அதே பெயரில், அதே நீல மூடியில் இருந்தது. வாசனைகூட நன்றாக இருந்தது. சகாயம் சந்தோஷமாக வாங்கி வந்து இரண்டு கைக்கும் போட்டார். கை மறுபடி வெடித்தது. போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் அதிகமாகப் போட்டார். மறுபடி டிக்கெட்டை வாங்க மறுத்தார்கள். கழுவுகிற ஷெட் பயம் வந்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் ஒரு டியூப் கொடுத்தார், ஸ்டீராய்டு. இரண்டு நாளில் கை பளிச்சென்று ஆனது. விட்டால் திரும்பி வந்தது. பிறகு பக்கத்துத் தெரு டாக்டர் ஒருவர் ஊசி போட்டார். அதுவும் ஸ்டீராய்டுதான். ஊசிக்கு ஊசி எல்லாம் மறைந்தது. அந்த டாக்டர் ஊருக்குப் போனதும் ஊசி திடீரென்று நின்றது. அதன் பிறகு உச்சந்தலையிலிருந்து பாதம்வரை கொதித்துக் கிளம்பிவிட்டது.

வார்டில் அவரைப் பார்த்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. உடம்பில் ஓரிடம்கூடச் சாதாரண நிறத்தில் இல்லை. முகம் வீங்கி, கண்ணிமை வெளியே பிதுங்கியிருந்தது. படுக்கையில் வாரி அள்ளுகிற அளவுக்குச் செதில். வெளியே புனேவின் மே மாத வெயில். அவர் இரண்டு கம்பளிக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்தார். மற்றவர்களுக்கு அது காய்ச்சல் நடுக்கமாகத் தெரிந்திருக்கும். எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. அந்த உடம்பில் மூடி இல்லை. தண்ணீரும் சூடும் எல்லாப் பக்கமும் போய்க்கொண்டிருந்தன. கருவி தேவையில்லை. கையை அவர் தோலுக்குமேல் தொடாமல் பிடித்தாலே ஆவி தெரிந்தது.

நான் லேலே மேடத்துக்குப் போன் செய்தேன். மறுநாள் காலையில் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். டாக்டர்கள் உள்மருந்து ஆரம்பித்திருந்தார்கள், சலைன் போய்க்கொண்டிருந்தது. மேடம் வார்டு சிஸ்டரிடம் கேட்டு வெள்ளை வாசலினும் பாரஃபின் எண்ணெயும் கலந்து ஒரு கிண்ணத்தில் எடுத்துவந்து, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சகாயத்தின் காலிலிருந்து தடவத் தொடங்கினார். அழுத்தாமல், முடி வளரும் திசையிலேயே, ஒரு இடம்கூட விடாமல். முடித்துவிட்டுக் கொஞ்ச நேரத்தில் மறுபடி காலிலிருந்து ஆரம்பித்தார். நானும் பிலோமினாவும் மறுபக்கம் தடவினோம். தினமும் வந்தார். அவர் படித்த படிப்புக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. இருந்தாலும் வந்தார்.

ஒரு நாள் தடவிக்கொண்டிருக்கும்போது பிலோமினா பையிலிருந்து அந்த டப்பாவை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இது அதே டப்பாதானே சார்?"

"டப்பா அதேதாங்க. உள்ள இருக்கறது வேற."

"அப்போ ஏன் சார் அதே பேரு?"

லேலே மேடத்துக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கையிலிருந்த டப்பாவையும் அவள் முகத்தையும் பார்த்து என்ன கேட்டிருப்பாள் என்று புரிந்திருக்க வேண்டும். தடவுவதை நிறுத்தாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

கம்பெனியில் எழுத்து மூலம் புகார் கொடுத்தேன். முறையாக ஒரு குழு உட்கார்ந்தது. நோயாளி ஸ்டீராய்டு டியூபும் ஊசியும் எடுத்திருக்கிறார், அதைத் திடீரென நிறுத்தியதே நோய் முற்றக் காரணம், எங்கள் பொருள் சாதாரணத் தோலுக்கானது என்று அட்டையில் தெளிவாக இருக்கிறது என்று முடித்தார்கள். ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. மருத்துவப்படி பார்த்தால் அவரைப் படுக்கையில் தள்ளியது ஊசிதான், கிரீம் இல்லை. பொய் சொல்லியிருந்தால் எங்காவது போய்ச் சண்டை போட்டிருப்பேன். எல்லாம் உண்மையாக இருந்ததுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

சகாயம் பிழைத்தார். மழைக்காலம் தொடங்கிய பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். டிப்போ மருத்துவக் குழு இந்தத் தடவை கையைப் பார்க்கவில்லை, காகிதத்தைத்தான் பார்த்தது. வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். பிலோமினா ஒரு மெஸ்ஸில் சப்பாத்தி போடப் போனாள்.

பற்பசைப் பிரிவில் இருந்துகொண்டே, பழைய ஆய்வகத்தில் எனக்குத் தெரிந்தவர்களைக் கேட்டு, மிச்சமிருந்த மூலப்பொருளை வைத்துப் பழைய முறையில் ஒரு டப்பா செய்தேன். மூன்று கொழுப்பையும் ஒன்றாக உருக்கி, நிதானமாக ஆறவிட்டு. லேலே மேடம் வீட்டுக்குக் கொண்டுபோனேன். உதட்டில் தடவிப் பார்த்து, சரியென்று தலையை ஆட்டினார். அதை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போபோடி போனேன்.

சகாயம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பாதி ஆளாகியிருந்தார். டப்பாவைக் கையில் வாங்கி, திறந்து, முகர்ந்து பார்த்தார். ரோஜா வாசனை இல்லை என்றதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு மூடி என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"வேணாம் சார்."

"இது பழசுங்க சகாயம். நானே செஞ்சது."

"தெரியுது சார். நல்லா கேக்கும். கை ஆறிடும். மனசுல ஆச வந்துடும்." அவர் குரலில் கோபமே இல்லை. "இது தீந்துபோனா இன்னா சார் பண்றது?"

இன்னொன்று செய்து தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். மூலப்பொருள் தீர்ந்துவிட்டது என்பது ஞாபகம் வந்தது. அந்தப் பொருளை வாங்குவதைக் கம்பெனி நிறுத்திவிட்டது. டீ வந்தது, குடித்தோம். மழை பற்றியும், ஆற்றில் தண்ணீர் ஏறியிருப்பது பற்றியும் பேசினோம்.

பிலோமினா பஸ் ஸ்டாப்வரை கூட வந்தாள். டப்பா என் பையில் கனத்தது. வண்டி வருவது தெரிந்ததும் அவள்தான் பேசினாள்.

"மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்கோ சார். தெனம் தேங்கா எண்ணெதான் போட்டு வுடறேன். அவ்ளோ ஒண்ணும் கேக்காது. ஆனா அது இன்னிக்கும் தேங்கா எண்ணெ, நாளைக்கும் தேங்கா எண்ணெதான்."